மீட்டர் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது: குளோவ்பாக்ஸிலும் வாயுக் குழாய்களிலும் ஆக்ஸிஜன் அளப்பது பற்றி

குளோவ்பாக்ஸ் என்பது காற்று புகாமல் மந்த வாயு நிரப்பி, பொருத்திய கையுறைகள் வழியாகக் கை நுழைத்து வேலை செய்யும் பெட்டி. அதன் திரையில் ஆக்ஸிஜன் 0.1 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று எண் நிற்கிறது. ஈரப்பத மீட்டரும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே புதிதாக வெட்டிய சோடியம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்குகிறது. இப்படி ஒரு நிலை வந்தால் சோடியத்தை நம்புங்கள். சென்சாரின் முகத்தை அந்த நொடியில் தொட்ட வாயுவில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தது என்பதை மட்டும்தான் மீட்டர் சொல்லும். அந்த வாயு எந்த வழியாக வந்தது, வழியில் எதை இழந்தது, எதைச் சேர்த்துக்கொண்டது என்று தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பெட்டிக்குள் வெளியைவிட 3 மில்லிபார் கூடுதல் அழுத்தம் வைத்திருக்கிறோம், பிறகு காற்று எப்படி உள்ளே வரும் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஆக்ஸிஜன் மொத்த அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. தன் பகுதி அழுத்தத்தை, அதாவது கலவையில் தன் பங்கு மட்டும் தரும் அழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. வெளியே அது 0.21 பார். உள்ளே 1 பிபிஎம் என்றால் 0.000001 பார். இந்த இரண்டு லட்சம் மடங்கு வித்தியாசம் அதை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கூடுதல் அழுத்தம் பெரிய ஓட்டை வழியாகக் காற்று பாய்வதைத் தடுக்கும். ஆனால் ரப்பர் வழியாகவும் நுண்ணிய இடுக்குகள் வழியாகவும் ஆக்ஸிஜன் ஊடுருவுவதை அது தடுக்காது. கையுறைக்கு பியூட்டைல் ரப்பரைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். இயற்கை ரப்பர் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஆக்ஸிஜனை விடும். சிலிகான் ரப்பரோ நூற்றுக்கணக்கான மடங்கு.

எந்த சென்சார், எங்கே ஏமாற்றும்

பிபிஎம் அளவில் அதிகம் புழங்குவது சிர்கோனியா. இட்ரியா கலந்த சிர்கோனியா பீங்கானின் இருபுறமும் பிளாட்டினப் பூச்சு இருக்கும். ஒருபுறம் சாதாரணக் காற்று, மறுபுறம் அளக்க வேண்டிய வாயு. 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் இரு பக்கத்துக்கும் நடுவே மின்னழுத்தம் பிறக்கிறது. அந்த வெப்பநிலையில் இருபுறமும் காற்று இருந்தால் 0 மில்லிவோல்ட். மறுபுறம் 1000 பிபிஎம் என்றால் சுமார் 112, 100 பிபிஎம்முக்கு 160, 10-க்கு 208, 1-க்கு 257. ஆக்ஸிஜன் பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும் 48 மில்லிவோல்ட் ஏறும். கருவியில் மில்லிவோல்ட்டைக் காட்டும் பக்கம் இருந்தால் அதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பிபிஎம் எண் மறைப்பதையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். 1 மில்லிவோல்ட் பிசகினால் அளவில் 5 சதவீதம் மாறும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இந்த சென்சாரின் பலவீனம் அதன் சூடுதான். எரியக்கூடிய எந்த ஆவி வந்தாலும் சூடான பிளாட்டினத்தின் மேல் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்துவிடும். எரிந்தது போக மிச்சமுள்ள ஆக்ஸிஜனைத்தான் சென்சார் பார்க்கும். ஒரு டொலுயீன் மூலக்கூறு முழுதாக எரிய ஒன்பது ஆக்ஸிஜன் மூலக்கூறு வேண்டும். அதாவது பெட்டிக்குள் 8 பிபிஎம் ஆக்ஸிஜன் இருக்கும்போது வெறும் 1 பிபிஎம் டொலுயீன் ஆவி இருந்தாலே மீட்டர் பூஜ்யம் என்று சொல்லிவிடும். ஹைட்ரஜன் 10 பிபிஎம் இருந்தால் 5 பிபிஎம் ஆக்ஸிஜனை விழுங்கிவிடும். கரைப்பான் பாட்டில் திறந்ததும் ஆக்ஸிஜன் எண் இறங்கினால் பெட்டி சுத்தமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். மில்லிவோல்ட் 500-ஐத் தாண்டியிருந்தால் சந்தேகமே இல்லை: எந்த சிலிண்டர் வாயுவிலும் ஆக்ஸிஜன் அவ்வளவு குறைவாக வராது. ஹைட்ரஜனோ கரைப்பானோ உள்ளே இருக்கிறது. தவிர, எளிதில் தீப்பற்றும் ஆவி நிறைய இருக்கும் இடத்தில் 700 டிகிரியில் ஒரு பொருளை வைப்பது தனிக் கவலை. சென்சாருக்கு முன்னும் பின்னும் தீத்தடுப்பான் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள்.

கால்வனிக் செல் அறை வெப்பநிலையில் வேலை செய்வதால் கரைப்பானும் ஹைட்ரஜனும் இருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். உள்ளே ஈய மின்முனையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் இருக்கும். ஆக்ஸிஜன் வரவர ஈயம் ஆக்சைடாகிறது; அந்த மின்னோட்டமே அளவு. ஈயம் தீர்ந்தால் செல்லும் தீர்ந்தது. ஆபத்து அங்கேதான்: செத்துப்போன கால்வனிக் செல்லும் பூஜ்யத்தைத்தான் காட்டும். பிபிஎம் அளவுக்கான செல்லைக் காற்றில் திறந்து வைத்தால் ஆயுள் மளமளவென்று குறையும், திரும்பக் கீழே இறங்கவும் பல மணி நேரம் பிடிக்கும். பெட்டியைத் திறக்கும் முன் அதன் இருபுற வால்வையும் அடைத்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவில் காரக் கரைசல் நடுநிலையாகிக் கெடும். அந்த இடத்துக்கு அமிலக் கரைசல் உள்ள செல்லைக் கேட்டு வாங்க வேண்டும்.

காற்றில்லா நுண்ணுயிரிகளை வளர்க்கும் அறைகளில் இந்தப் பிரச்சினைகள் இரண்டும் சேர்ந்தே வரும். அங்கே வழக்கமான கலவை 5 சதவீதம் ஹைட்ரஜன், 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மீதி நைட்ரஜன். சிர்கோனியா அங்கே எதற்கும் உதவாது. அமிலக் கரைசல் செல்லும், நிறம் மாறும் ரெசாசுரின் பட்டையும் போதும். ரெசாசுரின் இளஞ்சிவப்பாக இருந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது, நிறமற்றுப் போனால் இல்லை.

ஒளி சென்சார் மூன்றாவது வகை. ஆக்ஸிஜன் பட்டால் ஒளிர்வு குறையும் சாயம் பூசிய சிறு பொட்டைக் குப்பியின் உட்சுவரில் ஒட்டி, வெளியிலிருந்தே படிக்கலாம். ஆக்ஸிஜனை அது உட்கொள்வதில்லை. ஆகவே சில மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள மூடிய குப்பிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. வெப்பநிலைத் திருத்தம் கட்டாயம். கரைப்பான் ஆவி சாயப் படலத்தை ஊதவைத்து அளவைக் கெடுக்கும். பாராமேக்னெட்டிக் கருவி (காந்தம் ஆக்ஸிஜனை ஈர்ப்பதை வைத்து அளப்பது) சதவீத அளவுக்கானது. காற்றை வெளியேற்றும் கட்டத்தைக் கண்காணிக்க நல்லது. பிபிஎம்முக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

மாதிரிக் குழாய் சொல்லும் பொய்

சென்சார் பெட்டிக்குள்ளேயே இல்லாமல் குழாய் வழியாக வாயுவை இழுத்து அளக்கும் அமைப்புகளில் தவறான எண்களுக்குப் பெரும்பாலும் அந்தக் குழாயே காரணம். சென்சாரை மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகுதான் பலர் குழாயைப் பார்க்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் உள்விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் கொண்ட சிலிகான் குழாய் ஒரு மீட்டர். அதில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வாயு ஓடினால் குழாய்ச் சுவர் வழியாக மட்டுமே 100 பிபிஎம்முக்கு மேல் ஆக்ஸிஜன் சேரும். எங்கும் ஓட்டை இல்லை, கசிவு இல்லை, பொருளே அப்படி. டெஃப்ளான் வேதிப்பொருள்களை எதிர்த்து நிற்பதால் வாயுவையும் விடாது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பியூட்டைல் ரப்பரைவிட அதிகமாகவே ஆக்ஸிஜனை விடும். ஒரு மில்லிமீட்டர் சுவருள்ள டெஃப்ளான் குழாய் ஒரு மீட்டர், அதே ஓட்டம் என்றால் ஒரு பிபிஎம்முக்குச் சற்று மேலே சேரும். 100 பிபிஎம் அளக்கும்போது இது பொருட்டில்லை. 1 பிபிஎம் அளக்கும்போது நீங்கள் குழாயைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள். பத்து பிபிஎம்முக்குக் கீழே துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்புக் குழாய், உலோக ஃபெரூல் (நட்டுக்குள் குழாயைக் கவ்விப்பிடிக்கும் வளையம்) இணைப்பு, முடிந்தவரை குறைந்த நீளம்.

ஃபெரூல் இணைப்பில் அவசரப்படக் கூடாது. இரட்டை ஃபெரூல் வகையில் கால் அங்குலக் குழாய்க்கு, கையால் இறுகும் வரை திருகிவிட்டு நட்டின் மேல் கோடு போட்டு, ஸ்பானரால் ஒன்றேகால் சுற்று. அரைக்கால் அங்குலத்துக்கு முக்கால் சுற்று. ஒருமுறை கழற்றி மாட்டும்போது பழைய கோடு வரை வந்து, தடை தெரிந்ததும் சற்றே இறுக்கினால் போதும். மறுபடி ஒன்றேகால் சுற்று என்று திருகினால் ஃபெரூல் நசுங்கிக் கசியும். இருவேறு நிறுவனங்களின் நட்டையும் ஃபெரூலையும் கலக்காதீர்கள். மேலோட்டமாகப் பொருந்துவது போலத்தான் இருக்கும்.

சென்சாரைத் தாண்டி வெளியேறும் முனையையும் மறக்கக் கூடாது. சென்சாருக்கு அடுத்த அங்குலத்திலேயே குழாய் காற்றில் முடிந்தால் ஆக்ஸிஜன் எதிர்த்திசையில் ஊடுருவி வரும். அரைக்கால் அங்குலக் குழாயில் ஒன்றிரண்டு மீட்டர் வால் விடுங்கள்.

இப்போது எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய சோதனை. மாதிரி ஓட்டத்தை மாற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டரில் 6 பிபிஎம் காட்டுகிறது, ஒரு லிட்டராக்கிச் சற்று நேரம் பொறுத்தால் 4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் வாயு மாறவில்லை. குழாய் வழியாக நுழையும் ஆக்ஸிஜன் இரு மடங்கு வாயுவில் கலந்து பாதியாகிவிட்டது. ஆக, முதல் அளவில் 4 பிபிஎம் குழாயுடையது, உண்மையான வாயுவில் 2 பிபிஎம்தான். ஓட்டத்தை மாற்றியும் எண் அசையவில்லை என்றால் குழாயை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். ஓட்டத்தைக் கூட்டும்போது சென்சாரில் அழுத்தம் ஏறக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. வால் குழாய் மிக நீளமாக இருந்தால் ஏறும்.

சந்தேகப்படும் இணைப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி: அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி உள்ளே நைட்ரஜனை மெதுவாக விடுங்கள். எண் இறங்கினால் கசிவு அங்கேதான். சோப்பு நீர் பெரிய கசிவுக்குத்தான் சரி. பிபிஎம் அளவில் தொல்லை தரும் கசிவு ஒரு குமிழைக்கூட ஊதாது.

பெட்டி எவ்வளவு கசிகிறது

சுத்திகரிப்புச் சுழற்சி (பெட்டியின் வாயுவைச் செம்பு வினையூக்கி வழியாகச் சுற்றவிட்டு ஆக்ஸிஜனை நீக்குவது) ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரியும் எண், கசிவுக்கும் வினையூக்கிக்கும் நடக்கும் இழுபறியின் முடிவு. நல்ல வினையூக்கி மோசமான கசிவையும் மறைத்துவிடும். கசிவை அளக்க வேண்டுமென்றால் சுழற்சியை நிறுத்தி, தானாக வாயு சேர்க்கும் வால்வை அடைத்து, யாரும் கை நுழைக்காமல், உள்ளே ஒரு சிறு விசிறி மட்டும் ஓட விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்ஸிஜன், ஈரப்பதம், வெப்பநிலை மூன்றையும் குறியுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். ஓர் இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது.

1000 லிட்டர் பெட்டியில் மணிக்கு 10 பிபிஎம் ஏறினால் 10 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் நுழைகிறது, அதாவது சுமார் 48 மில்லிலிட்டர் காற்று. ஐஎஸ்ஓ 10648-2 தரநிலையின் முதல் வகுப்பு மணிக்கு 0.05 சதவீதக் கொள்ளளவுக் கசிவு வரை அனுமதிக்கிறது. அது நம் பெட்டியில் அரை லிட்டர் காற்று, மணிக்கு 100 பிபிஎம்முக்குச் சற்று மேலே. முதல் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டி மணிக்கு 80 பிபிஎம் ஏறலாம். சான்றிதழைப் பார்க்காமல் ஏறும் வேகத்தைக் கேளுங்கள்.

அழுத்தத்தை வைத்துக் கசிவு பார்ப்பவர்கள் வெப்பநிலையிடம் தோற்பார்கள். 1 டிகிரி மாறினாலே 3.4 மில்லிபார் மாறும். பெட்டியின் கூடுதல் அழுத்தமே அவ்வளவுதான். ஆக்ஸிஜன் ஏற்றம் அப்படி ஏமாற்றாது.

வரைபடத்தின் வடிவம் நிறையச் சொல்லும். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் கசிவு அல்லது ரப்பர் வழி ஊடுருவல். வேகமாக ஏறிப் பிறகு சாய்ந்து தட்டையானால் உள்ளே வைத்த பொருள்கள் விடும் வாயு. ஈரப்பதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 25 டிகிரியில், பாதி ஈரப்பதமுள்ள காற்றில் ஆக்ஸிஜன் நீராவியைப் போல சுமார் 13 மடங்கு. ஓட்டை வழியாகக் காற்று அப்படியே வந்தால் இரண்டும் ஏறத்தாழ இந்த விகிதத்தில்தான் ஏற வேண்டும். நீர் அதைவிட வேகமாக ஏறினால் கையுறையைப் பாருங்கள், ரப்பர் நீராவியை ஆக்ஸிஜனைவிட எளிதாக விடும். சுழற்சி ஓடும்போது நீர் அடியிலேயே இருக்க, ஆக்ஸிஜன் மட்டும் ஏறினால் வினையூக்கி களைத்துவிட்டது.

இடத்தைக் கண்டுபிடிக்க, கையுறைத் துளைகளை ஒவ்வொன்றாக மூடி போட்டு அடைத்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் சாய்வைப் பாருங்கள். முன்னறையை (பொருள்களைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இரு கதவுச் சிற்றறை) வெற்றிடமாக்கி வைத்தால் உள்கதவின் ரப்பர் வளையம் சரியா என்பது தெரிந்துவிடும்: அப்போது சாய்வு குறைந்தால் குற்றவாளி அந்த வளையம்.

காற்றை வெளியேற்றுதல், முன்னறை, வினையூக்கி

நன்றாகக் கலந்துகொண்டே வாயுவை விட்டால், காற்றிலிருந்து 100 பிபிஎம்முக்கு வர பெட்டியின் கொள்ளளவைப் போல 7.6 மடங்கு வாயு வேண்டும். 1000 லிட்டர் பெட்டிக்கு 7600 லிட்டர். நிமிடத்துக்கு 50 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம். 150 பாரில் நிரப்பிய 50 லிட்டர் சிலிண்டரில் 7500 லிட்டர்தான் இருக்கும், எனவே இரண்டாவதைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 100-க்கு வரும் முன் வினையூக்கியைத் திறக்க வேண்டாம். செம்பு ஆக்ஸிஜனோடு சேரும்போது சூடேறும். சதவீத அளவில் விட்டால் வினையூக்கி நிரப்பிய படுக்கையே கொதிக்கும், கொள்திறனும் வீணாகும்.

புது சிலிண்டர் மாட்டும்போது ரெகுலேட்டரில் அடைபட்ட காற்று நேரே பெட்டிக்குப் போகும். பெட்டிப் பக்க வால்வை மூடி, 10 பார் ஏற்றி வளிமண்டலம் வரை இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் 11 மடங்கு நீர்க்கும். நான்கு தடவையில் 14 பிபிஎம், ஐந்தில் 1.3. இறக்கும்போது முழுதாகப் பூஜ்யத்துக்கு விட்டு வால்வைத் திறந்தபடியே வைத்தால் காற்று திரும்ப நுழையும். ஓசை அடங்கும் முன்பே மூடிவிடுங்கள்.

முன்னறையிலும் இதே கணக்குதான், எதிர்த்திசையில். 100 மில்லிபார் வரை உறிஞ்சி நிரப்புவதை மூன்று தடவை செய்தால் 209 பிபிஎம் மிஞ்சும். 50 மில்லிபார் வரை இறங்கினால் 26. முன்னறை 50 லிட்டர் என்றால், 26 பிபிஎம் வாயு 1000 லிட்டர் பெட்டியில் கலந்து 1.3 பிபிஎம் கூட்டும். தடவைகளைக் கூட்டுவதைவிட ஆழமாக உறிஞ்சுவது லாபம். ஆனால் இறுக்க மூடிய பாட்டிலுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 100 மில்லிலிட்டர் காற்றோடு மூடிய பாட்டிலை உள்ளே திறந்தால் 21 பிபிஎம் ஏறும். மூடியைத் தளர்த்தி, மேலே துணி கட்டி, முன்னறையில் வையுங்கள். மெல்லிய தாள், அட்டை, பஞ்சு, பொடிகள் எல்லாம் அடுப்பில் உலர்த்தி இரவு முழுக்க வெற்றிடத்தில் கிடக்கட்டும்.

வினையூக்கியைப் புதுப்பிக்க 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் அல்லது ஆர்கான், படுக்கையைச் சூடாக்கி விட வேண்டும். செம்பு ஆக்சைடு மீண்டும் செம்பாகி, நீர் வெளியே வரும். வெளியேறும் குழாயில் நீர்த்துளி தென்பட்டால் வேலை நடக்கிறது. முடிந்தபின் வெற்றிடமாக்கிச் சுத்தமான வாயுவால் அலச வேண்டும், இல்லையேல் மிச்ச ஹைட்ரஜன் பெட்டிக்குள் வந்து சிர்கோனியாவைப் பூஜ்யத்தில் உட்கார்த்திவிடும். புதுப்பித்த மறுநாள் எண் அசாதாரணமாக அழகாக இருந்தால் மில்லிவோல்ட்டைப் பாருங்கள். தையால், சல்பைடு, பாஸ்பீன், ஹாலஜன் சேர்மங்கள் செம்பை நிரந்தரமாக நஞ்சாக்கும். அவற்றைத் திறக்கும்போது சுழற்சியை நிறுத்தி, வேலை முடிந்ததும் புது வாயுவால் பத்துப் பதினைந்து நிமிடம் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஓட்ட வேண்டும். புதுப்பித்த சில நாளிலேயே எண் மறுபடி ஏறுகிறது என்றால் வினையூக்கியின் காலம் முடிந்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அடைத்துக்கொண்ட வடிகட்டியும் இதே அறிகுறியைத்தான் காட்டும், அதை மாற்றுவது மலிவு.

அளவுத்திருத்தத்துக்குச் சான்றிதழ் உள்ள வாயு, நீங்கள் வேலை செய்யும் வட்டாரத்தில் இருக்க வேண்டும். 1 பிபிஎம்மில் வேலை செய்துகொண்டு காற்றில் திருத்திய கால்வனிக் மீட்டரை நம்புவதில் பொருளில்லை. 10 பிபிஎம் வாயு ஒன்றும், சுத்திகரிப்பான் வழியாக வந்த வாயு ஒன்றும் போதும். இடையிடையே மீட்டரைச் சாராத சாட்சி வேண்டும். டைஎத்தில் சிங்க் குப்பியைத் திறந்தால் சில பிபிஎம் ஆக்ஸிஜனோ நீரோ இருந்தாலே புகையும். சோடியம்–பென்சோபீனோன் கரைசலை ஒரு துளி விட்டதும் அதன் அடர்நீலம் வெளுத்தால் விஷயம் தெரிந்தது. கண்ணாடி உடைத்த மின்விளக்கின் இழையைப் பெட்டிக்குள் எரியவிடும் பழைய சோதனையும் வேலை செய்யும். ஆனால் கரைப்பான் ஆவி இருக்கும் பெட்டியில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

பெட்டிக்கு வெளியே

அதே ஆய்வகத்தில் எதிர்த் திசையிலும் ஆக்ஸிஜனைப் பார்க்க வேண்டியிருக்கிறது: உள்ளே குறைய வேண்டியது வெளியே குறையக் கூடாது. 30 கனமீட்டர் அறையில் 200 பாரில் உள்ள 50 லிட்டர் சிலிண்டர் ஒன்று முழுதாகக் கசிந்தால் 10 கனமீட்டர் வாயு. ஆக்ஸிஜன் 14, 15 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் அறை வெப்பநிலையில் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். உடல் மூச்சுத்திணறலை உணர்வது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தான். நைட்ரஜனிலோ ஆர்கானிலோ அது கூடுவதில்லை, ஆகவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆள் விழுவார். 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பிவிடும்.

அறை எச்சரிக்கைக் கருவியை 19.5 சதவீதத்துக்கு வைப்பது வழக்கம். மூச்சு விடும் உயரத்தில் ஒன்று. ஆர்கானோ குளிர்ந்த நைட்ரஜனோ இருந்தால் தரைக்கு அருகே இன்னொன்று. ஹீலியம் என்றால் கூரைப் பக்கம். காற்று நேரடியாக வீசும் துவாரத்தின் முன்னால் மாட்டினால் அது அறையைப் பார்க்காது, துவாரத்தைத்தான் பார்க்கும். இதிலும் பெரும்பாலும் கால்வனிக் செல்தான் இருக்கும், காலாவதித் தேதி உண்டு. நைட்ரஜனை மெல்ல ஊதி எண் இறங்குகிறதா, மணி அடிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எண்ணைக் காட்டும் திரை ஒன்றைக் கதவுக்கு வெளியிலும் பொருத்துங்கள். மணி அடிக்கும்போது உள்ளே போய்ப் பார்த்துத்தான் அளவைத் தெரிந்துகொள்ள முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது.